பெரியத்தாவுக்குப் போன பதினொரு பக்க அழைப்பு

கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தை மதிக்காமல் விட்டு, என் அக்காவின் கல்யாணத்தை ஆளே இல்லாமல் நடத்தப் பார்த்தவள் நான். இதை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை. அன்று அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒளிந்து நின்றுகொண்டிருந்தேன். (என் உடம்புக்கு அந்தச் சந்து போதாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.)

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். வயல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால்தான் நெட்வொர்க் வரும். கூடவே அறுப்பு மிஷின் தூசியும் வரும். இரண்டையும் சமமாக ஏற்றுக்கொண்டு, நான் ஒரு லைப்ரரியும் எழுதி வெளியிட்டிருந்தேன். லைப்ரரி என்று சொன்னதும் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), "புஸ்தகம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். புத்தகமெல்லாம் கிடையாது. மற்றவர்கள் எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் துண்டு அது. ஒரு கோப்பைக் கொடுத்தால் வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் காற்புள்ளி இருக்கும் இடத்தில் வெட்டிக் கையில் கொடுக்கும். உலகத்தில் மொத்தம் பதினொரு பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் மூன்று பேர் நானே, வேறு வேறு கம்ப்யூட்டரிலிருந்து.

வரி வரியாகப் பிரிப்பது சின்னப் பிள்ளை வேலை மாதிரி தெரியும். நாம் எண்டர் தட்டும்போது கம்ப்யூட்டர் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கிறது. 'வரி இங்கே முடிந்தது' என்று அர்த்தம். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே குறியை வைத்துத் தொலைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு வரி முடிந்தால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். உருளை சுழன்று தாள் மேலே ஏற வேண்டும். அப்புறம் வண்டியைத் தள்ளி, வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி வைத்தார்கள். ஒரு கூட்டம் 'தாளை ஏற்று' என்ற குறியை மட்டும் போடும். இன்னொரு கூட்டம் இரண்டையும் சேர்த்துப் போடும். மூன்றாவதாக ஒரு பழைய கூட்டம், 'வண்டியைத் தள்ளு' என்பதை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும்.

உருப்படியான லைப்ரரி மூன்றையும் ஏற்றுக்கொள்ளும். என்னுடையது முதல் இரண்டை ஏற்றுக்கொண்டது. மூன்றாவதை நான் வேண்டுமென்றே விட்டேன். முகம் தெரியாத ஒருவர், "அந்தப் பழைய வகைக் கோப்பும் சில சமயம் எங்களுக்கு வருகிறது, கொஞ்சம் சேர்க்க முடியுமா?" என்று பணிவாக எழுதிக் கேட்டார். நான் எழுதிய பதில்: "இது அருங்காட்சியகம் இல்லை. உங்கள் கோப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்." பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. அந்தப் பொம்மையை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

இந்த நிலையில்தான் நஸீமா அக்காவின் கல்யாணம் வந்தது. பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது. திடீரென்று வெளிநாட்டிலிருந்த மாப்பிள்ளைக்கு லீவு மாறி, கல்யாணம் மூன்று வாரம் முன்னால் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது பன்னிரண்டே நாள். பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாகூருக்கும் காரைக்காலுக்கும் பஸ் ஏறி இறங்க நேரமில்லை. வீடே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது நான் வாயைத் திறந்தேன்.

"வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம்மா. மொத்தமா இல்ல, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, பேர் போட்டு, அவங்களுக்குன்னு ஒரு வரி சேர்த்து. என் லைப்ரரியே செஞ்சிடும்."

"சரியா வருமா?" என்றார் அம்மா.

"எழுதினது யாரு?" என்றேன் நான். (இந்த வாக்கியத்தைப் பிற்பாடு என் குடும்பம் என்னிடம் எத்தனை முறை திருப்பிச் சொன்னது என்பதற்குக் கணக்கில்லை.)

இங்கே பெரியத்தாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அத்தாவின் அண்ணன். இரண்டு தெரு தள்ளி வீடு. அத்தாவின் வயலும் அவருடைய வயலும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பை அத்தா தன் பக்கமிருந்து ஒரு சாண் வெட்டி அண்ணன் வயலுக்குள் தள்ளிவிட்டார் என்பது பெரியத்தாவின் கட்சி. எல்லைக் கல் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது என்பது அத்தாவின் கட்சி. சர்வேயர் வந்து அளந்தும் அத்தா ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே வருவார்கள்.

"அவர் வீட்டுக்கு நான் போக மாட்டேன்," என்றார் அத்தா. "சொல்லாம விட்டா ஊர் பேசும். அதனால போன்ல அனுப்பு."

"அனுப்பறதுன்னா முதல் பேரு பெரிய மச்சான் பேருதான்," என்றார் அம்மா. "மூத்தவர்." அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதம் என்று நாங்களே எடுத்துக்கொண்டோம்.

பட்டியலைத் தட்டச்சு செய்ய அம்மாவின் தம்பி, ஷார்ஜா மாமா, முன்வந்தார். அவர் விடுமுறையில் வந்திருந்தார். கையில் பளபளவென்று ஒரு லேப்டாப். அதைத் திறப்பதற்கு முன் நாங்கள் எல்லோரும் ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும் என்று மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அம்மா சொல்லச் சொல்ல, மாமா அடித்தார். வரிக்கு நாலு பகுதி: போன் நம்பர், கூப்பிடும் முறை, எங்களுக்கு மட்டுமான குறிப்பு, கடைசியில் அவர்களுக்கென்று எழுதும் ஒரு வரி. அந்தக் கடைசி வரியில் அம்மா இஷ்டத்துக்குக் காற்புள்ளி போடச் சொன்னார். அதனால், நாலாவது பகுதியை மட்டும் வெட்டாமல் வரி முடியும்வரை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமில் எழுதிவைத்தேன். அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

மூன்றாவது பகுதிதான் அம்மாவின் ராஜ்ஜியம். முப்பது வருஷக் கல்யாண அனுபவம் முழுவதையும் அங்கே இறக்கினார்.

காரைக்கால் மாமி: நாலு நாள் முன்னாடியே வந்துடுவாங்க. அடுப்பங்கரை சாவி கண்ணுல படக் கூடாது. நாகூர் கடை மாமா: உப்பு பார்க்க முதல்ல இவரைக் கூப்பிடணும். இல்லேன்னா ஒரு மாசத்துக்கு உப்பைப் பத்தியே பேசுவார். ஹெட்மாஸ்டர்: மைக் பக்கம் விடக் கூடாது. சாச்சி (எங்கள் சித்தி): புடவை நல்லாருக்குன்னு பத்து நிமிஷத்துக்குள்ள சொல்லிடணும். இப்படியே இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பால்காரர் செல்வம் வரை.

"எந்த வகையில சேவ் பண்ணணும்? நாலஞ்சு வகை காட்டுதே," என்றார் மாமா.

"ஏதாவது ஒண்ணு போடுங்க மாமா."

அந்த நாலைந்தில் ஒன்றில் அவர் கம்ப்யூட்டரின் குலப்பெயர் போட்டிருந்தது. தன் வண்டிக்குத் தன் கம்பெனி ஆயில்தானே சரி என்கிற நியாயத்தில் மாமா அதைத் தேர்ந்தெடுத்தார். அது அந்த மூன்றாவது, பழைய வகை. ஒரே அமுக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிக்கும் 'வண்டியைத் தள்ளு' குறி மட்டும் விழுந்தது.

வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு, புது சிம் போட்ட ஒரு பழைய போனை இணைத்து, புரோகிராமை ஓட்டினேன். நாலு பேருக்கு அனுப்பிச் சோதிக்கலாமே என்று ஒரு சாதாரண மனுஷிக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு என்ன போகிறது என்று திரையில் காட்டும்படி எழுதியிருந்தேன். ஒரு கண் சிமிட்டலில் திரையில் 'பால்காரர் செல்வம்' என்ற வரி நின்றது. அடியில் 'முடிந்தது' என்று வந்தது. கடைசி ஆள்வரை போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மற்ற இருநூற்றுப் பதினொரு பேரும் ஏன் திரையில் இல்லை என்று யோசிக்கவே இல்லை.

உண்மையில் நடந்தது இதுதான். தாளை ஏற்றாமல் வண்டியை மட்டும் தள்ளினால் டைப்ரைட்டர் என்ன செய்யும்? அடித்த வரியின் மேலேயே மறுபடி அடிக்கும். திரையும் அதைத்தான் செய்தது. ஒருவர் மேல் ஒருவராக எல்லோரையும் எழுதி, பழையதை அழித்து, கடைசியில் செல்வத்தை மட்டும் மிச்சம் வைத்தது. தாளாக இருந்தால் கறுப்புத் தீற்றலாகவாவது தெரிந்திருக்கும். திரை சுத்தமாக இருந்தது. நான் போனை அலமாரியில் வைத்துவிட்டு, போய்ப் படுத்துத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை போனது. ஒரு போன் இல்லை.

"ஒருத்தர்கூடக் கூப்பிடலையே பர்வீன்," என்றார் அம்மா. "காரைக்கால் மாமி தும்மினாக்கூட நமக்குப் போன் பண்றவங்க."

"அதான் தனித்தனியா அழகா அனுப்பிட்டோமேம்மா. இனிமே கேக்க என்ன இருக்கு?"

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷமாக எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் வேகம் கூடுகிற மொபெட் அது. அத்தா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார் பெரியத்தா.

அத்தாவின் பதில் ஸலாம் தொண்டையில் இரண்டு தடவை சிக்கி மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது.

"உக்காருங்க மச்சான்," என்றார் அம்மா.

"உக்கார வரல ஜொகரா. படிச்சுக் காட்ட வந்தேன்." இடுப்பிலிருந்து ஒரு தாள் சுருளை எடுத்தார். "பத்திரிகை வந்துச்சு. இவ்வளவு நீளமா எனக்கு யாரும் பத்திரிகை வச்சதில்ல. 'மேலும் படிக்க', 'மேலும் படிக்க'ன்னு வருது. தட்டித் தட்டி விரலே வீங்கிப் போச்சு. பாபநாசத்துல ஜெராக்ஸ் கடையில குடுத்து பிரிண்ட் போட்டேன். பதினோரு பக்கம். அந்தக் கடைப் பொண்ணு நாலாம் பக்கத்துலயே நின்னு சிரிச்சிட்டிருக்கு, அஞ்சாம் பக்கம் குடுக்க மாட்டேங்குது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'மூத்தவர் நீங்கள், முன்னால் நின்று நடத்தித் தர வேண்டும்.' இது வரைக்கும் சரி. அப்புறம் ஒரு போன் நம்பர். அப்புறம், 'காரைக்கால் மாமி, நாலு நாள் முன்னாடியே வந்துடுவாங்க. அடுப்பங்கரை சாவி…'"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அலமாரிச் சந்தை நோக்கி நகர ஆரம்பித்தது இந்த இடத்தில்தான்.

பெரியத்தா நிதானமாகத் தாளைப் புரட்டி ஏழாம் பக்கத்துக்கு வந்தார். "இதைக் கேளு தம்பி." ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அத்தாவைத் 'தம்பி' என்கிறார். "'சர்வேயர் சார், வரப்புப் பேச்சு எடுக்க விடக் கூடாது. அவர் அளந்தது சரிதான். கல் பெரிய மச்சான் சொன்ன இடத்துலதான் இருந்துச்சு. இவர் ஒத்துக்க மாட்டார்.'"

அத்தா டம்ளரோடு அம்மா பக்கம் திரும்பினார்.

"ஜொகரா," என்றார் அத்தா, "இது நீ சொல்லி எழுதினதா?"

"நான் சொன்னதுதான்." அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "கல்லை நானும் பாத்தேன். ஆறு வருஷமா சொல்லணும்னுதான் இருந்தேன். வரப்புன்னு வாயெடுத்தாலே நீங்க சட்டையை மாட்டிட்டு வெளியில கிளம்பினா, நான் யார்கிட்ட சொல்றது?"

அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பலாமா என்று கொடியைப் பார்த்தார். கொடிக்கு முன்னால் பெரியத்தா நின்றுகொண்டிருந்தார்.

ஜெயித்தவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பெரியத்தாவின் முகத்தில் வேறு ஏதோ குறை. "வரப்பு கிடக்கட்டும். இதுல எல்லாருக்கும் ஒரு குறிப்பு இருக்கு. பால்காரனுக்குக்கூட இருக்கு. முதல் பேரு நான். எனக்கு மட்டும் இல்ல. என்னைப் பத்தி என்ன எழுதினே?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. முதல் வரியில் புரோகிராம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. நம்பரை எடுத்தது, பேரை எடுத்தது, குறிப்பை ஒதுக்கியது. நாலாவது பகுதியை வரி முடியும்வரை எடுக்கச் சொல்லியிருந்தேன். வரி முடியவே இல்லை. ஊர் முழுவதையும் பெரியத்தாவின் வரியாகவே நினைத்து அவருக்கு அனுப்பிவிட்டது. அப்படியென்றால்…

"அம்மா," என்றேன் சந்திலிருந்து. "வேற யாருக்கும் போகல."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் அம்மா. "மாமிக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா. தேதி மாறினதும் தெரியாது. யாருக்குமே."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள். மண்டபம் இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார், சாப்பிட ஆள் இல்லை.

"எப்படி ஆச்சு?" என்றார் பெரியத்தா. வரி, குறி, பழைய வகை என்று நான் திக்கித் திக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதாவது, வரப்பு எங்கன்னு தெரியாம பக்கத்து வயலையும் சேத்து ஓட்டிருச்சுங்கறே," என்றார்.

"ஆமா பெரியத்தா."

"நம்ம குடும்ப வழக்கம்தான்," என்று அத்தாவைப் பார்த்தார்.

அத்தாவின் மீசை ஆடியது. கோபம் என்று பயந்தேன். மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடங்கவில்லை. டம்ளரிலிருந்த டீ அவர் வேட்டியில் கொட்டியது. பெரியத்தாவும் சிரித்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் சந்திலேயே நின்றேன்.

"அதெல்லாம் சரி. என் குறிப்பு என்ன?" பெரியத்தா விடவில்லை.

அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் ஏற்கெனவே செய்த பாவத்தோடு இதுவும் இருக்கட்டும் என்று மாமாவின் லேப்டாப்பைத் திறந்து முதல் வரியைக் காட்டினேன். அதில் இப்படி இருந்தது: 'வந்தாப் போதும். என்ன சொன்னாலும் கேட்டுக்கணும்.'

பெரியத்தா குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு," என்றார். பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ போடும்மா ஜொகரா."

"பெரியத்தா, அரை மணி நேரம் குடுங்க. சரி பண்ணி எல்லாருக்கும் நானே மறுபடி அனுப்பி…"

"வேணாம்!" என்றார்கள் அத்தாவும் பெரியத்தாவும் ஒரே குரலில். ஆறு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

நம்பர்கள் எல்லாம் பெரியத்தாவின் பதினொரு பக்கத்தில் இருந்தன. மூன்று நாள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தேதி சொன்னார். அத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து முடிந்த பேர்களைப் பேனாவால் அடித்துக்கொண்டு வந்தார். அந்த மூன்று நாளும் அம்மாவிடம் மட்டும் அத்தா நேராகப் பேசவில்லை. "உங்கம்மாவைத் தண்ணி கொண்டுவரச் சொல்லு" என்பார் என்னிடம். அம்மா ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். நாலாம் நாள் அத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. அது எங்கே இருக்கும் என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் சமாதானம் ஆனது.

பெரியத்தா தேதியை மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அவரால் முடியவில்லை. "வந்துடுங்க, உங்களைப் பத்திக்கூட ஜொகரா ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கு" என்று ஒவ்வொரு போனிலும் ஒரு பொடி வைத்தார். என்ன குறிப்பு என்று கேட்டால், "நேர்ல வாங்க, சொல்றேன்." விளைவு, இதுவரை எந்தக் கல்யாணத்துக்கும் வராதவர்கள்கூட வந்தார்கள். அம்மா கல்யாணத்தன்று மணப்பெண்ணைவிட அதிகமாகத் தலை குனிந்துகொண்டிருந்தார். காரைக்கால் மாமி வந்ததும் வராததுமாகக் கையை நீட்டி, "சாவி," என்றார். ஹெட்மாஸ்டர் நேராக மைக்கிடம் போய், "என்னைப் பேச விடக் கூடாது என்று ஒரு சதி நடந்ததாக அறிகிறேன்" என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் பேசினார். நாகூர் கடை மாமா மட்டும், யாரும் கூப்பிடாமலே உப்பு பார்த்துவிட்டு, "கரெக்ட்," என்று ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார்.

மறுவாரம் அண்ணனும் தம்பியும் போய்க் கல்லைப் பழைய இடத்தில் நட்டார்கள். நடும்போது இரண்டு விரல்கடைக்கு மறுபடி சண்டை வந்தது. ஆனால் அதைப் பேசிக்கொண்டே போட்டார்கள்.

நான் என் லைப்ரரியில் மூன்றாவது குறியையும் சேர்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. முகம் தெரியாத அந்த மனிதருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், பொம்மை போடாமல். "பரவாயில்லை, உங்களுக்கும் அப்படி ஒரு கோப்பு வந்ததா?" என்று கேட்டிருந்தார். வந்தது என்று மட்டும் பதில் போட்டேன்.

வீட்டில் இது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. யாராவது நிறுத்தாமல் பேசினால், "எண்டர் தட்டு" என்பார்கள். ஹெட்மாஸ்டர் வந்தால் அத்தா சொல்வார். அத்தா பேசினால் அம்மா சொல்வார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா தன் மூட்டுவலியைத் தொடங்கி, மூன்று ஆஸ்பத்திரி தாண்டி நாலாவதற்குள் நுழைந்துகொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் பெரியத்தா உள்பக்கம் திரும்பி, "பர்வீன், எண்டர் தட்டும்மா," என்று குரல் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமாளிக்க வழி தெரியாமல் கையில் கிடைத்த டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா முதல் டீயை எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. சாயங்காலமானால் என் மாமியார், "பர்வீன், நாலு எண்டர் போடு, எனக்குச் சர்க்கரை கம்மியா," என்கிறார். தஞ்சாவூர்ப் பக்கம் டீயை அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.